இருந்திருக்கக்கூடிய புள்ளிகள்

ஆய்வு முகாம்
பிப்ரவரி 28

அன்புள்ள கணக்குப் புலிக்கு,

நலம். நீங்களும் மகளும் நலம் என்று நம்புகிறேன்; நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்காதீர்கள். இந்த வாரம் பத்தொன்பது கூடுகள். கூடு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆட்காட்டிப் பறவை கட்டாந்தரையில் நாலு கல்லை நகர்த்திவிட்டு முட்டையிடுகிறது. பொரிந்த மறுநாளே குஞ்சுகளை வேறிடத்துக்கு நடத்திப் போகிறது. எங்கே, ஏன் என்று கணிப்பதுதான் நம் மாடல். தாய் இருந்த புள்ளிகள் ஒருபக்கம், அதே நேரத்தில் இருந்திருக்கக்கூடிய, ஆனால் அது போகாத புள்ளிகள் மறுபக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் மனசு.

இத்துடன் புளியங்கொட்டை அளவில் ஒரு டேக். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளும். பறவை முதுகில் ஒட்டுவதற்குமுன், நடமாடும் எதிலாவது வைத்துச் சோதித்துச் சொல்லுங்கள்.

மகளை இன்னும் வாலு என்றுதான் கூப்பிடுகிறீர்களா? ஒன்பது வயதாகிறது. ஒரு வெள்ளிக்கிழமைப் பேருந்தில் அம்மா வருவாள் என்று சொல்லுங்கள். எந்த வெள்ளி என்று கேட்டால், பறவையைக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள்
ஆராய்ச்சிக்காரி


மார்ச் 24

அன்புள்ள ஆராய்ச்சிக்காரிக்கு,

டேக்கை வாலுவின் பள்ளிப் பையில், அடித்தையலுக்குள் வைத்துத் தைத்தேன். வீட்டில் நடமாடும் பொருள் வேறில்லை. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவன். வீடு, பள்ளி, டியூஷன் எல்லாம் மூன்று மீட்டர் பிழைக்குள் சரியாக விழுகின்றன.

ஒரே குறை. மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் மாலை ஐந்திலிருந்து ஏழுவரை புள்ளிகள் பேருந்து நிலையத்தில் விழுந்திருக்கின்றன. வெள்ளி மாலை எனக்குக் கல்லூரியில் துறைக் கூட்டம். அவளையே கேட்டேன். "பக்கத்து வீட்லதான்பா, படம் வரைஞ்சிட்டு இருந்தேன்" என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தரவைவிட ஒரு மனிதரை நம்பி, முப்பத்தொன்பது புள்ளிகளையும் கருவிப் பிழை என்று நீக்கிவிட்டேன். மற்றபடி டேக் அருமை.

அன்புடன்,
கணக்குப் புலி


மார்ச் 28

அன்புள்ள கணக்குப் புலிக்கு,

கருவியில் பிழை இல்லை. என் பேருந்து அங்கே ஐந்தேகாலுக்கு வந்து ஏழு மணிக்குத் திரும்புகிறது. இதற்கு மேல் விளக்கம் எழுதினால் உங்கள் பட்டத்துக்கு அவமரியாதை. நீக்கியதைத் திரும்பச் சேருங்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி, வருகிறேன். சொல்லிவிடாதீர்கள், இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே பொரிய ஆரம்பித்துவிட்டது. ஆபத்து என்றால் குஞ்சு ஓடுவதில்லை, தரையோடு ஒட்டிப் படுத்துவிடுகிறது. தாய் குரல் கொடுக்கும்வரை எழாது. என் பூட்ஸுக்கு முன்னால் ஒன்று நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தது. நான் நகரவில்லை. அவ்வளவு அழகு.

உங்கள்
ஆராய்ச்சிக்காரி


ஏப்ரல் 4

அவசரம். காலையில் ஒரே நேரத்தில் ஆறு கூடுகள் பொரிந்துவிட்டன. இன்று விட்டால் அடுத்த வருடம்தான். தரவை மட்டும் பேருந்து டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த வெள்ளி உறுதி. இம்முறை அவளிடம் சொல்லிவிடுங்கள்.


ஏப்ரல் 7

அன்புள்ள ஆராய்ச்சிக்காரிக்கு,

வழக்கமாகக் கல்லூரி வாசலில் பொட்டலத்தைக் கொடுக்கும் டிரைவர், இந்த வாரம் பேருந்து நிலையத்திலேயே வாலுவிடம் கொடுத்துவிட்டார். வெள்ளிதோறும் பார்க்கும் முகம் ஆகிவிட்டதாம். கூட்டம் முடிந்து நான் வந்தபோது அதை மேசைமேல் வைத்திருந்தாள்.

"இந்த வாரம் அம்மா இவ்ளோதான்பா" என்றாள்.

அடுத்த வெள்ளி வருகிறாய் என்று சொன்னேன். "சரிப்பா" என்றாள்.

மாடலின் முதல் முடிவு வந்துவிட்டது. தாய் தேர்வது குஞ்சுக்குத் தீனி கிடைக்கும் இடத்தை அல்ல. தனக்கு நாலாபுறமும் தெளிவாகத் தெரியும் இடத்தை. குஞ்சு பசியோடு பின்னால் போகிறது. கட்டுரை நல்ல இதழில் வரும்.

கணக்குப் புலி


ஏப்ரல் 12

அன்புள்ளவருக்கு,

நேற்று வந்தேன். ஐந்தேகாலுக்கு இறங்கி, மூன்றாம் நடைமேடை பெஞ்சில் ஏழுவரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. உங்களுக்குக் கூட்டம், அது தெரியும். அவளுக்குச் சொல்லியிருந்தீர்கள், அதுவும் தெரியும்.

வீடு ஒரு கிலோமீட்டர்தானே என்பீர்கள். எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். வர விருப்பம் இருந்தால் வந்திருப்பாள். வராததும் ஒரு தரவு. அதை மதித்துத் திரும்பிவிட்டேன். கோபம் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் பருவத்துக்கும் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லலாமா?

ஆராய்ச்சிக்காரி


ஏப்ரல் 14

ஆராய்ச்சிக்காரிக்கு,

வெள்ளி மாலை 5.20 முதல் 6.50 வரை டேக் ஓரிடத்தில் அசையாமல் இருந்திருக்கிறது. பத்துப் புள்ளிகள். பேருந்து நிலையத்தில் அல்ல, எதிர்ச்சாரியில் உள்ள ஸ்டேஷனரிக் கடையில். உன் பெஞ்சிலிருந்து பதினெட்டு மீட்டர்.

பிழை என்று நீக்கிவிட ஆசையாகத்தான் இருந்தது. கடைக்காரரைப் போய்க் கேட்டேன். "பாப்பா கண்ணாடிப் பக்கமாவே நின்னுட்டு இருந்துச்சு சார். பென்சில் பாக்கறேன்னுச்சு. ஒண்ணும் வாங்கல" என்றார்.

குரல் கொடுக்கும்வரை எழாது என்று எழுதியிருந்தாய். உன் அவதானிப்புகள் எப்போதும் துல்லியம். நம் வீட்டு வாசலை, நீ இருந்திருக்கக்கூடிய புள்ளிகளில் சேர்த்திருக்கிறேன்.

நேற்று அவளே தையலைப் பிரித்து டேக்கை என் முன்னால் வைத்தாள்.

"டெஸ்ட் முடிஞ்சிடுச்சாப்பா?"

எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"மொத நாளே. நீங்க பாப்பீங்கன்னுதான் தெனம் தூக்கிட்டுப் போனேன்."

கருவி நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப அம்மாவுக்கே அனுப்பிடுங்க. பறவைக்கு வேணும்ல."

இத்துடன் இணைத்திருக்கிறேன்.