கட்டைக்குரல் சும்மா நிற்கும் இடம்

என் அன்பான வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீயும் மகளும் மருமகனும், ரெட்டைப் பயல்கள் இருவரும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். உன் கடிதம் வந்து சேர்ந்தது. போனில் கேட்டால் நான் "ம்", "பார்ப்போம்" என்று கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிறேனாம், அதனால் எழுத்தில் பதில் வேண்டுமாம். வருகிறேனா இல்லையா என்று கிறிஸ்துமஸுக்குள் சொல்லாவிட்டால் இனிமேல் கேட்கவே மாட்டாயாம். மிரட்டல் பலமாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டு இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மகள் கேட்பதில் தப்பே இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், கைக்குழந்தைகள் இரண்டு, நடுவில் நீ ஒருத்தி. நாம் இருவரும் அங்கேயே வந்து தங்கிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று எனக்கும் தெரியும். ஆனால் மருமகன் வீட்டில் வந்து நான் என்ன செய்வேன்? விடிந்தால் ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை இது. சோபாவில் உட்கார்ந்து அவர் வாங்கிப் போட்ட பேப்பரைப் படித்துக்கொண்டு, "மாமா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடும்வரை காத்துக்கிடக்கச் சொல்கிறாயா? இங்கே குழாய் உடைந்த வீட்டில் என்னை ராஜா மாதிரி வரவேற்கிறார்கள். அதோடு நம் பாடகர் குழுவில் கட்டைக்குரல் என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். இதையெல்லாம் போனில் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சின்னவன் அழுதான், அவனைப் பார்த்துப் பெரியவனும் அழுதான், நீ போனை வைத்துவிட்டாய்.

பதிலுக்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், திட்டாதே.

இந்த வருஷம் பாஸ்டருக்கு ஒரு யோசனை. வீடு வீடாகக் கேரல் பாடப் போகும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வீட்டுப் பாட்டு எது என்று சொல்ல, நாம் அதைப் பாடிவிட்டு வருவதுதானே வழக்கம். அந்தப் பாட்டு அவர்களுக்கு ஏன் பிடித்தது என்றும் கேட்டு வந்தால், கிறிஸ்துமஸ் ஆராதனையில் நாலு வார்த்தை சொல்லலாம் என்றார். அந்த வேலையை என் தலையில் கட்டினார். எல்லார் வீட்டு அடுக்களைக்குள்ளும் போய்வருகிற ஒரே ஆள் பிளம்பர்தானாம். நம் குழுத் தலைவர், அதுதான் டெய்லர், உடனே முகத்தைச் சுளித்தார். கேள்வி கேட்டுக்கொண்டு நின்றால் சுதி ஆறிவிடும் என்றார். என்னமோ டீ ஆறிப்போகிற மாதிரி.

முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீடு. அங்கே எப்போதும் அந்தக் கைதட்டுப் பாட்டுத்தான், உனக்குத் தெரியும். டிரம் அடிக்காமல் வெறும் கையைத் தட்டித்தான் பாட வேண்டும், இயற்றியவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று நாம் எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தோமே, அந்தக் குட்டு உடைந்தது. ரொட்டிக்கடைக்காரர் குழுவில் சேர்ந்த புதிதில் டிரம்மைத் தூக்கி வரும் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். புது ஷூ, ஈரப் படிக்கட்டு. டிரம் கடகடவென்று உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. மனுஷர் கூனிக் குறுகி நிற்க, அப்போது தலைவராக இருந்தவர் கையைத் தட்ட ஆரம்பித்தாராம், எல்லாரும் சேர்ந்து தட்டினார்களாம். அன்றைக்கு ஒருவர் முகம் சுளித்திருந்தாலும் மறுவாரம் தான் வந்திருக்க மாட்டேன் என்றார். இதைச் சொல்லிவிட்டு ஒரு தட்டு கேக்கை நீட்டினார். டெய்லர் சுதியை மறந்து மூன்று துண்டு எடுத்தார்.

மாடி வீட்டு நர்ஸம்மாவை எடுத்துக்கொள். நாம் பாடும்போது அவர்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே நிற்பதும், நாலாவது சரணத்துக்கு மட்டும் வெளியே வருவதும் உனக்கு எரிச்சலாக இருக்குமே, எவ்வளவு தலைக்கனம் என்று. தலைக்கனம் ஒன்றுமில்லையாம். சின்ன வயதில் அவர்கள் அம்மா நாலு வீட்டில் துணி துவைத்து முடித்துவிட்டுத்தான் பிள்ளைகளைச் சர்ச்சுக்கு இழுத்துக்கொண்டு ஓடுவாராம். வாசலை மிதிக்கும்போது எந்தப் பாட்டானாலும் கடைசிச் சரணம்தான் காதில் விழும். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே அதை மட்டும் பாடுவாராம். முதல் மூன்று சரணம் தனக்கு யாரோ அடுத்த வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று நர்ஸம்மா சிரித்தார்கள். இனி அவர்களை ஒன்றும் சொல்லாதே.

அடுத்து ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் வீடு. அவர் மனைவி தவறியபின் வரும் முதல் கிறிஸ்துமஸ். அந்த அம்மா நம்மோடு சேர்ந்து வாசலில் நின்று பாடுவது ஞாபகம் இருக்கிறதா? சுதி கிழக்கே என்றால் அவர்கள் மேற்கே. அதுவும் எப்போதும் நம்மைவிட அரை வரி முன்னால். டெய்லருக்குப் பல் கூசும். இந்த வருஷமும் போஸ்ட்மாஸ்டர் அதே பாட்டைத்தான் கேட்டார். பாடினோம். நாம் பாடி நானே கேட்டதில்லை, அவ்வளவு சுத்தம். டெய்லர் முகத்தில் பல்பு எரிந்தது. போஸ்ட்மாஸ்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். இது தன் வீட்டுப் பாட்டு இல்லை, யாராவது ஒருவர் கொஞ்சம் முந்திக்கொண்டு பாட முடியுமா என்று கேட்டார். எங்களால் முடியவில்லை என்றால் நம்புவாயா? வாரா வாரம் கேட்காமலே தப்புப் பண்ணுகிற கூட்டம், கேட்டபோது ஒரு தப்பு வரவில்லை. ரொட்டிக்கடைக்காரர் முந்தப் பார்த்தார், இரண்டு வரியில் எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டார். எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, போஸ்ட்மாஸ்டருக்கும்தான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, உங்களுக்கு இந்தப் பாட்டு ஏன் பிடிக்கும் என்று கேட்டுவைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மெதுவாப் பாடு, மெதுவாப் பாடுன்னு எப்பப் பாத்தாலும் சொல்லிட்டே இருப்பேன். இப்ப என் பேச்சைக் கேட்டுட்டா."

இதை நான் பாஸ்டரிடம் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

கடைசியாக நம் வீடு. பாடகர் வீடே ஆனாலும் வீட்டுக்காரர் ஒருவர் வாசலில் நின்று வரவேற்க வேண்டும், அவர் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கமாயிற்றே. எப்போதும்போல நான் வாசலில் நின்றேன். சட்டையை நானே இஸ்திரி போட்டேன், முதுகுப் பக்கத்தை யாரும் பார்க்காதபடி சுவரோடு ஒட்டி நின்றேன். எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். உன் பாட்டுத்தான் என்றேன்.

அந்தப் பாட்டு உனக்குப் பிடித்ததே எனக்காகத்தான் என்று கல்யாணமான புதிதில் நான் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தது ஒரு காலம். மகள் பிறந்தபிறகுதான் நீ உண்மையைச் சொன்னாய். மூன்றாம் வரியில் உன் குரல் மட்டும் தனியாகப் போகும், கட்டைக்குரலுக்கு அங்கே வேலையே கிடையாது. நான் வாயை மூடிக்கொண்டு நீ சொல்வதைக் கேட்கிற ஒரே இடம் அதுதான், அதனால்தான் பிடிக்கும் என்றாய். எனக்கு ஒரு வாரம் கோபம். உனக்கு ஒரு வாரம் சிரிப்பு.

இந்தத் தடவை அந்த வரி வந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். டெய்லர் கையைத் தூக்கி உன் பக்கம் காட்டினார். அங்கே யாரும் இல்லை. அது உன் வரி என்று விட்டு விட்டுப் பழகி, வேறு யாரும் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை. பயிற்சியில்கூட அந்த இடம் வந்தால் ஒரு மூச்சு காத்திருந்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவியிருக்கிறோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. வாசலில் வைத்துத்தான் உறைத்தது. தூக்கிய கை அப்படியே நிற்கிறது, எல்லாரும் செருப்பைப் பார்க்கிறார்கள். நான் பாடிவிட்டேன். வழக்கமாவது ஒன்றாவது. என் குரலில் அது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் ஓர் எழுத்து பிசகவில்லை. இத்தனை வருஷம் சும்மா நின்றதில் உன் வரி முழுக்க எனக்குப் பாடமாகியிருக்கிறது. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

டெய்லர் திட்டுவார் என்று நினைத்தேன். காப்பியைக் குடித்துவிட்டு, சர்ச்சுக்கு வருகிற லாரி டிரைவருக்குக் குரல் நல்ல கட்டை, நாலு மாதம் பழக்கினால் ஈஸ்டருக்குத் தேறிவிடுவார் என்று போகிறபோக்கில் சொன்னார். என்னை அனுப்பிவைக்க மனுஷருக்கு என்ன அவசரம் என்று சுருக்கென்றது. கொஞ்ச நேரம் கழித்து நிம்மதியாகவும் இருந்தது. நேற்றே டிரைவருக்கு முதல் பாடம் எடுத்தேன். ஹாரன் மாதிரி இருக்கிறது, சரியாகிவிடும்.

ஈஸ்டர் முடிந்ததும் வீட்டுச் சாவியை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டு வரலாமா என்று எழுது. டூல் பை கனமாக இருக்கும், அதை விட்டுவிட்டு வரமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். நான் வருவது உட்கார்ந்து சாப்பிட இல்லை என்று மருமகனிடம் பக்குவமாகச் சொல்லிவை. அவர் நல்ல பையன், வருத்தப்படுகிற மாதிரி சொல்லாதே.

பயல்கள் இருவருக்கும் என் முத்தங்கள். மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காக்கட்டும். அங்கே நீ போகிற சர்ச்சில், பாடகர் குழுவுக்குக் கட்டைக்குரல் ஆள் வேண்டுமா என்று விசாரித்து எழுது. வேண்டாம் என்று சொன்னாலும் விடாதே. உன் பக்கத்தில் ஒருவர் சும்மா நிற்க இடம் இருக்கிறதா என்று கேள்.

உன் வீட்டுக்காரன்