நீச்சல் தெரியாதவர்களின் ஜெர்மன்

ஜூன் 4, புதன்
காலையிலேயே வெயில் முதுகைப் பொசுக்குகிறது. அவனியாபுரத்திலிருந்து ஆரப்பாளையத்துக்கு இரண்டு பஸ். ஜெர்மன் வகுப்பு, பரீட்சைக்கு முன் ரிவிஷன், மறுபடி முதல் பாடத்திலிருந்து.

போன தடவை ஃபெயில். தெருவில் யாருக்கும் தெரியாது. சர்வர் டவுனாகிப் பரீட்சையே நடக்கவில்லை என்று அத்தை சொல்லி வைத்திருக்கிறார்கள். மருமகள் ஃபெயிலானால் மாமியாருக்கல்லவா கௌரவக் குறைச்சல். இந்த ஏ ஒன் பரீட்சையில் பாஸானால்தான் விசா, விசா வந்தால்தான் வீட்டுக்காரரிடம் போகலாம். இன்னொரு தடவை கோட்டை விட்டால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி ஆகும். பயமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர், இனி இங்கே வீ.கா. அவ்வளவு மரியாதை போதும்.

ஜூன் 5, வியாழன்
இன்று டேர், டீ, டாஸ், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஆண், பெண், அஃறிணை அடையாளங்கள். மேஜை ஆண். விளக்கு பெண். சின்னப் பெண் மட்டும் அஃறிணை. அஃறிணையாக இருப்பதற்கு விமானம் ஏற வேண்டுமா, இங்கேயே அப்படித்தானே இருக்கிறேன்.

சார் எதை ஆரம்பித்தாலும் 'நான் ஜெர்மனில இருந்தப்ப'. இருந்தது ஆறு மாதம். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

கேட்டல் பயிற்சி. செல்போனில் ஒரு ஜெர்மன்காரி ரயில் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்கிறாள். ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டாண்டில் 'தேனி, பெரியகுளம், கம்பம்'. வகுப்பில் பாதிப் பேர் விடை தப்பு. நானும்தான்.

வாங்க வேண்டியது: ரவை, பெருங்காயம், பேனா ரீஃபில்.

ஜூன் 7, சனி
பரீட்சையில் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய அறிமுகத்தை சார் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். போன தடவை கொடுத்த அதே தாள். 'நான் மதுரையில் வசிக்கிறேன். என் பொழுதுபோக்கு நீச்சல், வாசிப்பு.' ஊரையும் பொழுதுபோக்கையும் அச்சடித்துவிட்டு, பேருக்கும் வயசுக்கும் மட்டும் கோடு. மொத்த வகுப்பும் உட்கார்ந்து கடம் அடிக்கிறது. நீச்சல், வாசிப்பு. நீச்சல், வாசிப்பு. பாதிப் பேர் தொட்டித் தண்ணீரில் குளிக்கிற ஆட்கள்.

நான் விழுந்ததே இந்த நீச்சலில்தான். பேச்சுத் தேர்வில் நாலு பேரை ஒன்றாக உட்கார வைத்து, சீட்டு எடுத்து ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்க்காரி கேட்டாள், எங்கே நீந்துவீர்கள் என்று. வைகையில் என்றால் மணல்கூடச் சிரிக்கும். அதற்கும், அப்புறம் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் நர்ஸ் ஜெனிஃபரிடம் சொன்னேன், உன் நிஜப் பொழுதுபோக்கை எழுது என்று.

"மாத்திச் சொல்லி மாட்டுறதுக்கு, சார் சொன்னதையே சொல்லிட்டு வந்துரலாம்க்கா."

படித்த மந்தை. மே என்பதுதான் பாக்கி.

ஜூன் 11, புதன்
வீ.கா. வீடியோ காலில். பின்னால் மழை. ஒரு மாத லீவில் வந்து, பார்த்து, தாலி கட்டி, போய்விட்டவர். அங்கே மூன்று வருஷமாக இருக்கிறார். தினம் பத்து வார்த்தை படி, சின்னப் பிள்ளைகூடப் பேசுது, உனக்கு என்ன கஷ்டம் என்று லெக்சர். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அத்தையிடம் மட்டும் கேட்டார்.

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள், சென்னை
பரீட்சை. துணைக்கு வந்த அப்பா வாசலில் தினத்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குழுவில் நாலு பேரும் எங்கள் வகுப்பு. எனக்கு முன்னால் மூன்று பேரும் நீச்சல், வாசிப்பு. மூன்றாவது ஆள் சொல்லும்போது தேர்வு அம்மா பேனாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு மானம் போயிற்று. என் முறையில், நீந்தத் தெரியாது, சமைப்பேன், ரசம் நன்றாக வைப்பேன் என்றேன். ரசத்துக்கு ஜெர்மன் தெரியாததால் ரசம் என்றே சொன்னேன்.

அடுத்து சீட்டு. ஜெனிஃபருக்குக் 'குடும்பம்' வந்தது. என்னைப் பார்த்துக் கேட்டாள், உங்கள் கணவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஒரே வார்த்தை. தமிழில் என்றால் நாலு பொய் சேர்த்துச் சொல்லியிருப்பேன். கற்ற ஜெர்மனில் சுற்றி வளைக்க வார்த்தை இல்லை. எனக்குத் தெரியாது என்றேன்.

தேர்வு அம்மா தலையசைத்து எழுதிக்கொண்டாள். வாக்கியம் சரியாக இருந்திருக்கும் போல. வெளியே வந்து ஜெனிஃபர், "கிறுக்காக்கா உங்களுக்கு? ஆமான்னுட்டுப் போக வேண்டியதுதான?"

ரயிலில் அப்பா தூங்கிவிட்டார். நான் அழுதேன், கொஞ்சம்.

ஜூன் 27, வெள்ளி
புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

பாஸ். ஜெனிஃபரும் பாஸ். மந்தையே பாஸ், நீச்சலோடு. சார் எல்லார் போட்டோவையும் பேனரில் போடப் போகிறாராம்.

அத்தை எதிர்வீட்டில், "எம்புட்டுக் கஷ்டமான பரீட்சை தெரியுமா, எங்க மருமக ஒரே தடவையில எழுதிப்புட்டா." கேசரி கிண்டி நாலு வீட்டுக்கு.

ராத்திரி வீ.கா. அழைத்தார். நல்ல மூடு. எங்கே, ஜெர்மனில் ஏதாவது பேசிக் காட்டு என்றார். அத்தையும் பக்கத்தில்.

ஈஹ் கொம்ம. பிஸ்ட் டூ க்ளூக்லிஹ்? நான் வருகிறேன். நீ சந்தோஷமாக இருக்கிறாயா? முதல் பாடத்து வார்த்தைகள், ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"சூப்பர், சூப்பர். ஸ்லாங் அப்படியே வருதே உனக்கு. அம்மா, கேட்டீங்களா?"

கேட்டேன் என்றார்கள் அத்தை.

அங்கே மூன்று வருஷம். அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன். அதுவும் தெரியவில்லை.

டிக்கெட் பார்க்கட்டுமா என்றார். பாருங்கள் என்றேன், தமிழில்.