வயர் எட்டாத வீடு

மார்ச் 4

ஷோரூம் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கார் வாங்கப் போகிறேன். அதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்கவேண்டும். "அப்பாகிட்டயே கேளும்மா, ஊருக்கெல்லாம் அவர்தானே சொல்றாரு" என்றாள் பெரியவள். ஆனால் போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியிலேயே வைத்துவிடுகிறார். சின்னவள்தான் வழி சொன்னாள்: "லெட்டர் போடுங்கம்மா, அதுல யாரும் குறுக்க பேச முடியாது." ஒன்பது வயதில் அவளுக்கு இருக்கிற புத்தி நமக்கு இருந்திருந்தால், இந்த ஒன்றரை வருஷத்தை நீங்கள் ஓர் ஊரிலும் நாங்கள் ஓர் ஊரிலுமாகக் கழித்திருக்கமாட்டோம். சரி, அது இருக்கட்டும். இது கார் கடிதம்.

போன வாரம் ஒரு புது ஆஸ்பத்திரியின் திறப்பு விழாவுக்கு, அந்தக் கட்டடத்தைப் போலவே கேக் செய்தேன். ஜன்னல், படிக்கட்டு, வாசலில் ஆம்புலன்ஸ், எல்லாம் உண்டு. நம் பழைய காரின் டிக்கி எப்படிச் சரிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கியர் மாற்றும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. போய்த் திறந்து பார்த்தால் மேல்மாடி ஆபரேஷன் தியேட்டர் அப்படியே கீழே பிரசவ வார்டுக்குள் இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, இதைக் கட்டின இன்ஜினியர்கிட்ட காட்டி மிரட்டலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதேன்.

எதிர்வீட்டுக்காரர் உயரமான வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார். மூன்றடுக்கு கேக்கை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி வைப்பது அவரா, நானா? எனக்கு எஸ்டேட் வகைக் கார்தான் வேண்டும். கூரை கடைசிவரை நேராகப் போகவேண்டும். பின்கதவைத் திறந்தால் தரை தாழ்வாக, பலகை போட்டதுபோல இருக்கவேண்டும். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட்டில் கியர் குலுக்கல் கிடையாது என்கிறார்களே, உண்மையா? பேட்டரியை எங்கே வைக்கிறார்கள், டிக்கி இடத்தைத் தின்றுவிடுமா? மண்டப வாசலில் காத்து நிற்கும்போது இன்ஜின் அணைந்திருந்தால் ஏசி ஓடுமா? கிரீம் உருகினால் என் மானம் கப்பலேறிவிடும். மாமா முன்சீட்டில் உட்காருவார். முழங்கால் அவருக்கு இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தாழ்வான சீட்டிலிருந்து எழ முடியுமா? நெடுஞ்சாலையில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?

விற்கிறவராகச் சொல்லாமல் தெரிந்தவராகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் வாங்க வந்தவள்

மார்ச் 9

அன்புள்ள மேஸ்திரிக்கு,

மாவிலும் சர்க்கரையிலும் மாடி கட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? "மேனேஜர் அவர்களுக்கு" என்று நீ ஆரம்பித்ததைப் பார்த்ததும் ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். ஆபரேஷன் தியேட்டரைப் படித்தபோது சிரித்தேன். காருக்குள் அழுதாய் என்று படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். என் ஷோரூமில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்வரை கார் கதவைத் திறக்கமாட்டேன். தினமும் எத்தனை பேர், எவ்வளவு தூரம், ராத்திரி கார் எங்கே நிற்கும், வண்டியில் ஏற்றுவதிலேயே பெரியது எது? அதைக் கையோடு கொண்டுவாருங்கள் என்பேன். ஒருவர் மாமியாரைக் கூட்டிவந்தார். "இவங்க வசதியா உக்காந்துட்டா போதும் சார், வேற எதையும் நான் பாக்கல" என்றார். கேட்காமல் தலையில் கட்டுகிற வியாபாரம் எனக்குப் பிடிக்காது. வண்டியை ஒப்படைக்கும்போதுகூட, ஓட்டிவந்தவர் உட்கார்ந்த அடையாளமே இல்லாதபடி சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்துவிடவேண்டும் என்பது எங்கள் விதி.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். குலுக்கல் இருக்காது. மோட்டாரும் இன்ஜினும் கை மாற்றிக்கொள்வதே தெரியாது. தட்டில் தண்ணீர் வைத்து ஓட்டலாம். ஏசி பேட்டரியிலேயே ஓடும். நெடுநேரம் நின்றால் இன்ஜின் தானே கொஞ்சநேரம் விழித்து, சார்ஜ் ஏற்றிவிட்டுத் தூங்கிவிடும். பேட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் தருகிறார்கள், பெரும்பாலும் அதற்கு மேலும் உழைக்கும். அப்பாவுக்குச் சீட்டு முழங்கால் மட்டத்தில் இருந்தால் போதும். ரொம்ப உயரமும் அவருக்கு ஆகாது, ஏற முடியாது. சீட்டின் உயரத்தை ஏற்றி இறக்கலாம், ஓட்டுகிறவர் இரண்டு பேரின் அளவைப் பொத்தானில் பதிந்தும் வைக்கலாம்.

ஹைபிரிட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். இன்னொன்று, பெரிய பேட்டரி, வயர் சொருகிச் சார்ஜ் போடுவது. யோசிக்காமல் இரண்டாவதை எடு. ராத்திரி சொருகிவிட்டால் பள்ளிக்கூடம், கடை, டெலிவரி எல்லாம் கரண்டிலேயே முடிந்துவிடும். சார்ஜ் போடுவது ஒரு பிரச்சினையே இல்லை, கீழ்த்தளத்தில் நம் தூணிலேயே பாயின்ட் இருக்கிறது. விலையில் என்னால் ஆனதைச் செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு.

அன்புடன்,
தெரிந்தவன்

மார்ச் 15

மேனேஜர் அவர்களுக்கு,

கண்ணை மூடவில்லை. நன்றாகத் திறந்துகொண்டு, இங்கே உள்ள உங்கள் கம்பெனி ஷோரூமுக்கே போனேன். உங்கள் வழக்கப்படி, இருப்பதிலேயே பெரிய கேக் பெட்டியையும் இஞ்ச் டேப்பையும் மாமாவையும் கொண்டுபோனேன். மாமா எல்லா கார்களிலும் ஏறி ஏறி இறங்கினார். நான்காவதில் இறங்க மறுத்துவிட்டார். "இதுல முட்டி வலிக்கலம்மா. நீ மத்ததெல்லாம் பாத்துட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

விற்பனைக்கு இருந்த பெண் கெட்டிக்காரி. நீங்கள் சொன்ன வயர் சொருகுகிற வண்டியைக் காட்டச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எங்க நிறுத்துவீங்கக்கா? எங்க சார்ஜ் போடுவீங்க?"

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கார் தெருவில் நிற்கிறது. கிடைத்த இடத்தில் நிற்கிறது. நேற்று மருந்துக்கடை முன்னால், இன்று முடிவெட்டும் கடை தாண்டி. மூன்றாவது மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டால், கீழ்வீட்டுக்காரி அதில் துணி காயப்போடுவாள். பதினேழு வருஷம் இந்த வீட்டில் இருந்த உங்களுக்கு இது தெரியாதா?

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். "கீழ்த்தளத்தில் நம் தூணிலேயே." எனக்கு ஏது தூண்? அது உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தூண். நீங்கள் எனக்குக் கார் சொல்லவில்லை. நான் உங்கள் ஊருக்கு வந்துவிட்டதாக நீங்களே முடிவு செய்து, அங்கே ஓட்டக் கார் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்கும் இதேதான் நடந்தது. அந்த ஊர் வேலையை ஒப்புக்கொண்டு, வீட்டையும் பிடித்துவிட்டு, சாப்பிட உட்காரும்போது சந்தோஷமாகச் சொன்னீர்கள். என் ஓவன் அந்தச் சமையலறை வாசலில் நுழையாது என்று புகைப்படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. வாடிக்கையாளர்கள், பெண்களின் பள்ளிக்கூடம், மாமாவின் நண்பர்கள், எதுவும் உங்களுக்கு நினைவு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கார் வாங்க வந்தால் இத்தனை கேள்வி கேட்கிற மனிதர், பெண்டாட்டியிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கலாம். நீங்கள் போனதைவிட, கேட்காமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தவிர, உங்கள் பெரிய பேட்டரியால் டிக்கித் தரை நாலு விரல் உயர்ந்துவிடுகிறது. என் பெட்டி உள்ளே போகவே இல்லை. தானே சார்ஜ் ஏற்றிக்கொள்வதுதான் எனக்குச் சரி. மாமா இறங்க மறுத்ததும் அதேதான். முடிவு செய்துவிட்டேன், இனி உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

இப்படிக்கு,
வாங்குகிறவள்

மார்ச் 24

மேஸ்திரிக்கு,

உன் கடிதத்தை ஷோரூமில் நிற்கிற காட்சி வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே இருந்து ஒரு பையன் கண்ணாடியைத் தட்டி, "சார், கஸ்டமர் இந்த வண்டிய பாக்கணும்ங்கறாங்க" என்றான். வேறு வண்டியைக் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பூசி மெழுகப் போவதில்லை. அந்தக் காரை என் தூணுக்குத்தான் சொன்னேன். எழுதும்போது அது எனக்கே தெரியவில்லை, அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போகிறேன்.

நீ எடுத்த முடிவுதான் சரி. உன்னைப் போல ஊருக்குள்ளேயே நின்று நின்று போகிறவர்களுக்கு அதுதான் பெட்ரோலை மிச்சப்படுத்தும். சார்ஜ் போடாமல் ஓட்டினால் பெரிய பேட்டரி வெறும் சுமை. இது விற்கிறவன் சொல்வதல்ல. இன்னும் இரண்டு விஷயம் உன்னிடம் யாரும் சொல்லமாட்டார்கள். பின்சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குக் காற்றுப் போகிற ஜன்னல் ஒன்று இருக்கும். உன் பழைய காரில் எந்த மூலையைத் தட்டினாலும் சர்க்கரைத் தூள் பறக்கும். அந்தத் தூள் இதில் அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடாகும். வடிகட்டியை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய். அடுத்தது, தரைக்கு அடியில் மாற்று டயர் இருக்கிறதா, வெறும் பஞ்சர் மருந்து பாட்டில்தானா என்று மூடியைத் திறந்து பார். பாட்டில் என்றால் டயர் கேட்டு வாங்கு. கேக்கை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்காதே.

இப்போது என் கேள்வி. அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டியது.

உன் ஊர் ஷோரூமில், பழைய கார்ப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. மேனேஜர் வேலை அல்ல. அந்தக் கெட்டிக்காரப் பெண்தான் அங்கே விற்பனைக்குப் பொறுப்பு, அவளே எனக்கு மேலதிகாரியாக இருப்பாள். விண்ணப்பத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு எழுத்தும் எழுதவில்லை. நீ சொல்லாமல் எழுதமாட்டேன். நான் வீட்டுக்கு வரலாமா?

வேண்டாம் என்றாலும் காரின் விலையில் நான் சொன்ன சலுகை உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான்

மார்ச் 30

அன்புள்ள உங்களுக்கு,

இந்தத் தடவை அவசரப்படவில்லை. உங்கள் கடிதத்தை நான்கு பேரும் படித்தோம். கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு, நான் மட்டும் தனியாக முடிவெடுத்தால் நன்றாக இருக்காது. மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெரியவள், "அந்த அக்காகிட்ட அப்பா திட்டு வாங்கறத நான் பாக்கணும்" என்கிறாள். சின்னவள் தன் அறையில் பாதியை உங்கள் பெட்டிகளுக்கு ஒதுக்கிக் கோடு போட்டுவிட்டாள். கோட்டைத் தாண்டினால் அபராதமாம்.

எனக்கும் ஒரு வழக்கம் உண்டு, உங்களிடம் கற்றதுதான். கதவைத் திறப்பதற்கு முன்னால் கேட்டுவிடுகிறேன். ஓவன் இப்போது கூடத்துக்கு வந்துவிட்டது. விடியும் முன்னே அது ஓடும், அப்போது எழுந்து முகத்தைச் சுளிக்கக்கூடாது, முடியுமா? ராத்திரி கார் நிறுத்த இடம் தேடித் தெருவைச் சுற்றுவது இனி யார்? மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த மனிதர், பழைய கார்களுக்கு நடுவில் மனத்தாங்கல் இல்லாமல் நிற்பாரா? இவற்றுக்கு எழுதிப் பதில் சொல்லவேண்டாம். பதிலை நான் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். எந்த வண்டியையும் ஓட்டிப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை.

காருக்குப் பணம் கட்டிவிட்டேன். மாற்று டயர் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நான் கேட்ட சாம்பல் நிறம் உங்கள் ஊர்க் கிடங்கில்தான் இருக்கிறதாம். "டிரைவர வச்சு அனுப்பிடறோம்க்கா" என்றாள் அந்தப் பெண். டிரைவர் வேண்டாம், அந்த ஊர் மேனேஜரே ஓட்டிவரட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, வரும்போது பார்த்துவிடுங்கள். அந்த விண்ணப்பத்தையும் கிளம்புவதற்கு முன் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டுகிறவர் சீட்டுக்கு இரண்டு பொத்தான் இருப்பதை மாமாதான் முதலில் கவனித்தார். "ஒண்ணு உனக்கு. ரெண்டாவது யாருக்கும்மா?" என்று கேட்டார். அப்போது கார் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் புறப்படும்போது சீட்டை உங்கள் காலுக்குத் தகுந்தபடி வைத்து இரண்டாவது பொத்தானில் பதிந்துகொள்ளுங்கள். வாசலுக்கு வந்ததும் கம்பெனி விதி என்று சொல்லிக்கொண்டு அதை அழிக்கவேண்டாம். இங்கே வந்து சேரும்போது அந்தச் சீட்டில் நீங்கள் உட்கார்ந்த அடையாளம் இருக்கவேண்டும்.

உங்கள்,
மேஸ்திரி