உள்பக்கப் பூட்டு

பிப்ரவரி 9

அக்கா,

விசா வந்துவிட்டது. உனக்கும் அத்தானுக்கும். உன்னைத் தனியாக அனுப்பமாட்டார் என்பதால்தான் அவருக்கும் சேர்த்து எடுத்தேன். இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு டவுன் பஸ் டிக்கெட்கூட எடுத்திருக்கமாட்டேன். உன் போனை அவர் நோண்டுவார், அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன்.

விமானத்திலிருந்து இறங்கியதும் எல்லாரும் ஓடுவார்கள். நீ ஓடாதே. பெட்டி வரும் இடத்தைத் தாண்டி, லிஃப்ட் பக்கத்தில் நிற்பேன். அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்வது நான்தான், பயப்படாமல் ஏறலாம்.

மணிக்கட்டு முறிந்ததற்கு "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதியிருந்தாய். நாள் முழுக்க எக்ஸ்ரே எடுக்கிறவள் நீ. யார் காதில் பூ சுற்றுகிறாய்?

இங்கே உன் அறைக் கதவில் உள்பக்கமாகக் கொண்டி அடித்திருக்கிறேன். என் வேலைப் பூட்டைத் தருகிறேன். சிவப்புப் பூட்டு. லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, ஆளுக்கொரு பூட்டு போடுவோம். ஒரே சாவி, அதுவும் போட்டவன் பையில். முதலாளியிடம்கூட இன்னொன்று கிடையாது. போட்டவன்தான் எடுக்கவேண்டும். வேறு எவனாவது கைவைத்தால் உள்ளே இருப்பவன் நசுங்கிச் சாவான்.

நீ வா. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 21

டேய் கரண்ட்டு,

ஆறு வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஷாக் வாங்கினவன், இப்போது எனக்குப் பூட்டுப் பாடம் எடுக்கிறாய். சந்தோஷம்.

ஆனால் உன் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என்ன மீதி? எதைப் பார்த்துக்கொள்வாய்? நன்றாகக் கேட்டுக்கொள், அவருக்குத் தெரியாமல் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். ஏப்ரலில் வந்துவிடும். குவார்ட்டர்ஸ் உண்டு. போய்விடுவேன். அதுவரை அவருக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது. அங்கே இருக்கப்போகும் பத்து நாளும் சிரித்த முகமாக ஊர் சுற்றவேண்டும், அவ்வளவுதான்.

அவர் என்ன செய்தாலும் நீ கை ஓங்காதே, வாயும் விடாதே. நீ எனக்குத் தரவேண்டிய வரவேற்பு அதுதான். சத்தியம் பண்ணி எழுது.

உன் அக்கா


மார்ச் 2

அக்கா,

சத்தியம். போதுமா? ஸ்வெட்டர் எடுத்து வா.

தம்பி


மார்ச் 29

அக்கா,

கோணல் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். இடது கை. வலது கையில் சுளுக்கு. சுண்டுவிரல் மடங்கிக் கிடக்கிறது, அதன் முட்டி உள்ளே போய்விட்டது. தானாகச் சரியாகிவிடும்.

ஒரு தடவை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எங்கே தப்பென்று நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை மதியம். மூன்று பேரும் சாப்பிடுகிறோம். நான் ஏதோ சொன்னேன், நீ சிரித்தாய். அவர் தண்ணீர் கேட்டது உன் காதில் விழவில்லை. தட்டோடு உன் முகத்தில் அடித்தார். உன் புருவம் கிழிந்து சோற்றில் ரத்தம் சொட்டியது. என் வீட்டில், என் மேஜையில்!

நான் விட்ட முதல் குத்து அவர் தாடையில். பிறகு தலையைப் பிடித்து ஃபிரிட்ஜ் கதவில் மோதினேன். மூன்று தடவையோ நான்கு தடவையோ. கதவில் பள்ளம் இருக்கிறது. நீ "போதும்டா, விடுடா" என்று கத்தியது கேட்டது. நிறுத்த முடியவில்லை. அவர் பல் ஒன்று அடுப்புக்கு அடியில் கிடந்தது, நேற்றுப் பெருக்கும்போதுதான் கிடைத்தது.

இங்கே ஆஸ்பத்திரியில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம்! தாடையைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். உன் பொய்யை அவர் வாயாலேயே சொல்லவைத்தேன் அக்கா.

ஆனால் ஒன்று புரியவில்லை. நீ அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய். அவர் வாயெல்லாம் ரத்தத்தோடு "வெளிய வாடி" என்று கதவை உதைத்தார். திறக்கவில்லை, சரி. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு வந்து நானும் தட்டினேன். "அக்கா, நான்தான், திற." சாயங்காலம்வரை தட்டினேன். பிறகு பெட்டியோடு வந்தவள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் டாக்சி ஏறிப் போய்விட்டாய்.

அவருக்குத் திறக்காதது நியாயம். எனக்கு ஏன் திறக்கவில்லை?

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் என் சீனியர் வாங்கி வைத்திருந்தார். நான் அங்கே இல்லை. அடிக்கிற வெறியில் நீ என்ன கத்தினாய் என்பதை எழுத மறந்துவிட்டாய். "ஏப்ரல்ல அவ மாற்றல் வாங்கிட்டுப் போய்டுவா, உன்னால என்ன பண்ண முடியும்?" பண்ணினார். ஊர் திரும்பிய மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த ஊர் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மாற்றல் எந்த ஊருக்கோ அந்த ஊருக்கு இனி நான் போகமுடியாது. வேலையை விட்டுவிட்டேன். வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறேன். எங்கே என்று உனக்கும் சொல்லப்போவதில்லை.

உன் கை சுளுக்கு இல்லை. சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறிந்திருக்கிறது. குத்துவிடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் அது முறியும். உடனே போய்க் கட்டுப் போட்டுக்கொள்.

அப்பா வண்டியிலிருந்து விழுந்தாரே, அவர் கையை நான்தான் படம் எடுத்தேன். மணிக்கட்டில் புது முறிவு. அதே படத்தில், அதே சுண்டுவிரல் எலும்பில், பழைய முறிவு ஒன்று கோணலாகச் சேர்ந்திருந்தது. "இது எப்போப்பா?" என்றேன். "ஞாபகமில்லம்மா" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஏன் திறக்கவில்லை என்று கேட்டாய். கதவுக்கு உள்ளே இருந்து கேட்டுப் பார். இரண்டு பேர் தட்டியதும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டது.

பூட்டைக் கொண்டுவந்துவிட்டேன். இந்த அறையில் உள்பக்கம் தொங்குகிறது. போட்டவள்தான் எடுக்கவேண்டும். எடுக்கும்போது நானே எழுதுகிறேன்.

அக்கா