பூசணிக்காய் உள்ளே போகலாம்

கிர்கீஸ் நாட்டுச் சூய் சமவெளி,
அக்டோபர் கடைசி வாரம்.

கர்த்தருக்குள் பிரியமான மகன் அப்ராமுக்கு அம்மா சுசன்னா எழுதுவது. உனக்குச் சமாதானம் உண்டாவதாக. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற சிறை அதிகாரி ஐயாவுக்கும் சமாதானம். நம் வீட்டு ஜெர்மன் மொழியில் எழுதினால் உன் கைக்கு வந்து சேராது என்று உன் பெண்டாட்டி லீடியா சொன்னாள். அதனால் ருஷ்ய மொழியில் எழுதுகிறேன். பிழைகள் இருக்கும். எப்படியும் முதலில் படிக்கிறவர் அவர்தானே, திருத்தி அனுப்பட்டும்.

நாங்கள் சுகம். பசு மறுபடியும் சினையாக இருக்கிறது. லீடியா பால் பண்ணையில் விடியற்கால வேலைக்கு மாறிவிட்டாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டிருக்கிறதே என்று கேட்டால், வெயில் என்கிறாள். அக்டோபரில் என்ன வெயில்? உன் மகள் எர்னாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பாடும்போது காற்றுதான் வருகிறது, ஆனால் பாட்டை விடுவதில்லை. நீ வாதுமைத் தோட்டத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாயே, அதே பாட்டுகள். ஒன்றைக்கூட அந்தப் பிள்ளைகள் மறக்கவில்லை. அதை உனக்கு முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி. கடிதத்தைக் கீழே வைத்துவிடாதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், நான் பெற்றதுதானே. அவருக்கும் உனக்கும் தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் நான்.

ஜெபவீட்டுக்கு அரசாங்க அனுமதிச் சீட்டு வாங்க அவர் கையெழுத்துப் போட்ட அன்று நீ வீட்டில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை எதுவும் ஆராதனைக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனைக்குக் கீழே ஒரு மூப்பர் எப்படிக் கையெழுத்துப் போடலாம் என்று கேட்டாய். பிள்ளைகளை வெளியே நிறுத்து என்று சொல்கிற உரிமை எந்த அரசனுக்கும் கிடையாது என்றாய். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்வதும் அதே வேதம்தான் என்றார் அவர். 'கூரை இல்லன்னா அந்தக் கிழவிங்க எங்க போவாங்க, சொல்லு' என்றார். நீ ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டாய், அவர் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருந்தன. அன்றைக்கு நான் அடுப்பில் சூப் பொங்குகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் அந்தச் சூப் பொங்கிக் கொட்டியிருக்கட்டும், நடுவில் போய் நின்றிருக்கலாமே என்று இருக்கிறது.

பிறகு நீ பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாய். அதற்குச் சிறைத் தண்டனை வந்தது. தீர்ப்பு வந்த அன்று காவலர்கள் உன்னைக் கூட்டிப்போகும்போது, சபையில் சகோதரர்கள் கொடுத்துக்கொள்கிற சமாதான முத்தத்தைக் கொடுக்க அப்பா உன்னிடம் வந்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாய். அவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார், சந்தையில் குதிரை வாங்கினவரைப்போல. சீட்டு வாங்காத உங்கள் கூட்டத்தார் சீட்டு வாங்கிய சபையாருக்கு முத்தம் கொடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் உன் அப்பா. அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசவில்லை. நீ வசந்தத்தில் எழுதின கடிதத்தைத்தான் நான் அவரிடம் படித்துக்காட்டினேன். என்னைப் பார்க்க அம்மா வரட்டும், லீடியா வரட்டும், அப்பா சபைக்கு முன்னால் மனந்திரும்பின பிறகு வரட்டும் என்று எழுதியிருந்தாய். 'சரியாத்தான் எழுதியிருக்கான்' என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அதே கடிதத்தில் அவரை அரசாங்கத்தின் வாசற்காவலன் என்று எழுதினாய். வாசலில் நின்றார், உண்மை. பிள்ளைகள் வந்தால் ஆளுக்கொரு ஆப்பிளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டுக்குப் போகாமல் பக்கத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஜன்னலை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு விரல்கடை திறந்து வைத்தார். ஜனவரி மாதத்திலும்! குளிர் உள்ளே வருகிறது, முழங்கால் இழுத்துக்கொள்கிறது என்று கிழவிகள் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். 'கண்ணாடி வேர்க்குது, சுசன்னா' என்பார். ஜன்னலைப் பற்றி உனக்கு யாரும் எழுதவில்லை. நானாவது எழுதியிருக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் இரகசியம் எதுவும் இல்லை, எல்லாம் அரசாங்கத்துக் கோப்பில் இருக்கிறது.

அறுவடை நன்றி ஆராதனை அன்று நல்ல மழை. வழக்கம்போல முன்னால் மேடையில் ஆப்பிள், கோதுமைக் கதிர், முட்டைக்கோஸ் எல்லாம் அடுக்கியிருந்தோம். பண்டிகை நாள் என்பதால் சீட்டுக் கொடுத்த அரசாங்க அதிகாரியும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எர்னாவும் நம் சபைக் கிளாஸ் ஐயா வீட்டுப் பேத்திகள் இரண்டு பேரும் ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றும் கோழிக்குஞ்சுபோல நனைந்திருந்தன. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எர்னா கேட்டாள், 'தாத்தா, பூசணிக்காய் உள்ள போகலாமா?' அவர் போகலாம் என்றார். 'அப்போ நான்?' என்று கேட்டாள்.

அவ்வளவுதான் அவள் கேட்டது. யாரும் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை. லீடியாமேல் சந்தேகப்படாதே, நானும் முதலில் சந்தேகப்பட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு வெட்கப்பட்டேன். அப்பா அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே பாட்டு ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்கியது. அவர் பூசணிக்காயை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறுகையில் எர்னாவைப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் முன்னால் தள்ளிக்கொண்டு, அதிகாரியைத் தாண்டி நடந்துபோய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். தன் கோட்டைக் கழற்றி மூன்றுக்கும் சேர்த்துப் போர்த்தினார். பாட்டு நின்றுவிட்டது. 'ஏன் நிறுத்தினீங்க, பாடுங்க' என்றார். எர்னா பல் இல்லாத வாயோடு எல்லாருக்கும் முன்னால் தொடங்கிவிட்டாள். நான் அழுதேன். பயத்தில் அழுதேனா சந்தோஷத்தில் அழுதேனா என்று கேட்காதே.

ஆராதனை முடிந்ததும் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். 'கொர்னேலியுஸ், நீங்க கையெழுத்துப் போட்டவரு. உங்க வார்த்தையை நம்பித்தானே சீட்டுக் குடுத்தோம்' என்றார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'ஆமாங்க. வாக்குக் குடுத்தேன், மீறிட்டேன். அதுக்கு என்ன உண்டோ செய்யுங்க, நான் ஓடமாட்டேன். ஆனா அடுத்த வாரமும் மழை பெஞ்சா உள்ளதான் கூட்டிட்டுப் போவேன்' என்றார். மழை பெய்யாவிட்டால் என்று அதிகாரி கேட்டார். 'அப்பவும்தான்' என்றார் உன் அப்பா. அப்ராம், நீ கூண்டில் நின்று பேசினாயே, அந்தக் குரலை அன்று மறுபடியும் கேட்டேன். அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு.

மறுவாரம் வந்து ஜெபவீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். சீட்டு ரத்து. முத்திரை வைக்க வந்த காவலர் இளம்பிள்ளை, கை விறைத்து அவனால் அரக்கை உருக்க முடியவில்லை. அப்பா வீட்டிலிருந்து விளக்கைக் கொண்டுபோய் அவனுக்குப் பிடித்தார். நான் திட்டினேன். 'அவன் வேலையை அவன் செய்யுறான், குளிர்ல நிக்க வைக்கணுமா?' என்றார். அன்று இரவு சாப்பாட்டு ஜெபத்தில் வழக்கம்போல நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. நான் சொல்லும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்.

அதன்பிறகு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கிளாஸ் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். 'ஒரு பூசணிக்காய்க்காக ஊர்க் கூரையையே பிடுங்கிக் குடுத்துட்டியே, நீ மனுஷனா?' என்றார். அவர் பேத்திகளும்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், அதை மறந்துவிட்டார். பிறகு உன் கூட்டத்துச் சகோதரர்கள் வந்தார்கள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. எங்களோடு வந்துவிடுங்கள், சபைக்கு முன்னால் எழுந்து நின்று, கையெழுத்துப் போட்டது பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். அப்பா அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். 'புள்ளைங்கள வெளிய நிறுத்தினதுக்கு எத்தனை பேர் முன்னாடி வேணும்னாலும் அழுறேன். ஆனா அந்தக் கூரைக்காக அழமாட்டேன். எட்டுக் குளிர்காலம் அந்தக் கிழவிங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணாங்களே, அதுவும் பாவமா?' என்று கேட்டார். அவர்கள் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது கைதான் கொடுத்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு சபையும் இல்லாத மூப்பர். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு உம்சுனை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'என்னக்கா, உங்க ஆளுங்க கடவுளை இன்னும் எத்தனை துண்டா அறுப்பீங்க? நாங்க ஆட்டை அறுத்தாக்கூட எல்லாரும் ஒண்ணா உக்காந்துல்ல திங்கிறோம்' என்றாள். கிர்கீஸ்காரிக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு உள்ளே வந்துவிட்டேன்.

நீ தப்பு, அவர் சரி என்று நான் எழுதவில்லை, மகனே. நீ சொன்னதும் நியாயம். பிள்ளைகளைக் கர்த்தரிடத்திலிருந்து தடுக்க முடியாது. அதைச் சொன்னதற்காகத்தான் அங்கே இருக்கிறாய், நான் அதற்காகத் தலை நிமிர்ந்துதான் தெருவில் நடக்கிறேன். அவர் அதே இடத்துக்கு வர எட்டு வருஷம் ஆனது, தன் வழியில் வந்தார். அவ்வளவு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டும் உங்கள் இரண்டு பேரையும் ஒருவரையொருவர் பார்க்க வைக்க எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் துக்கம்.

நவம்பரில் உன்னைப் பார்க்க லீடியாவுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தனி அறை கொடுப்பார்களாம், மூன்று நாள் கூடவே தங்கிச் சமைத்துச் சாப்பிடலாமாம். எர்னாவையும் பெரியவர் ஒருவரையும் கூட்டிவரலாம். அந்த இடம் என்னுடையது என்றுதான் நீ நினைத்திருப்பாய். அப்பா வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த ரயில் எந்த ஊர் வழியாகப் போகிறது என்று லீடியாவிடம் விசாரித்திருக்கிறார். சும்மா கேட்டேன் என்றாராம். பழைய பூட்ஸுக்குப் புது அடித்தோல் போட்டு வைத்திருக்கிறார். அதுவும் சும்மாதானாம்.

நான் வரவில்லை, அப்ராம். அவரை அனுப்புகிறேன். நகரத்து டாக்டர் இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார், அதற்காக இங்கேயே இருப்பது நல்லது. அதைப் பற்றி லீடியாவிடம் துருவித் துருவிக் கேட்காதே. என் குளிர்காலக் கோட்டை வெட்டி அவளுக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவாள். காலரைத் தொட்டுப் பார், என் கோட்டுதான் என்று உனக்குத் தெரியும். எனக்கு அது இப்போது கனமாக இருக்கிறது. காய்ந்த ரொட்டியும் வாதுமைப் பருப்பும் கட்டி வைத்திருக்கிறேன். ரொட்டியை முழுவதும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடாதே, நீயும் சாப்பிடு.

ஒரே ஒரு காரியம். நான் போகச் சொன்னதும் அவர் முதலில் மறுத்தார். பிறகு ஒத்துக்கொண்டார், ஆனால் அறைக்குள் வரமாட்டாராம். 'அவன் கூப்பிடாம நான் உள்ள போகமாட்டேன். அத்தனை வருஷம் புள்ளைங்கள வாசல்ல நிறுத்தினவன், நானும் கொஞ்சம் நிக்கிறேன்' என்கிறார். சொன்னால் சொன்னதுதான், நின்றுவிடுவார். அவருடைய தாடி முழுவதும் வெளுத்துவிட்டது. பார்த்ததும் திடுக்கிடாதே.

உன்னை ஆளுகிறவர்களுக்கு நீ உண்மையாய் இரு. உன்னை உண்டாக்கினவருக்கு அதைவிட உண்மையாய் இரு. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஓரிடத்தில் தகப்பனுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும், தேடிப் பார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதைப் படித்த அதிகாரி ஐயாவுக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் காப்பாராக.

நவம்பரில் அங்கே பனி கொட்டும் என்கிறார்கள். அப்பா கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். உள்ளே கூப்பிடு, மகனே.

உன் அம்மா,
சுசன்னா