அந்த ஒரு வாய்த் தண்ணீர்

என் விமலாக் கண்ணுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோது உன்னிடம் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடிந்ததில்லை. பாதியிலேயே ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். இப்போது அந்தத் தொல்லை இல்லை, முழுசாகத் திட்டலாம். திட்டத்தான் தெம்பு வரமாட்டேன் என்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. நீலசந்திராவில் இந்தக் கோடையும் போன கோடை மாதிரியே காய்கிறது. காவேரித் தண்ணீர் வருகிற நாளில் சந்து முழுக்கக் குடம். வராத நாளில் டேங்கர்காரன் வைத்ததுதான் சட்டம். உன் வீட்டுக்காரர் விடிந்ததும் கேப் எடுத்துக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். கீழ்வீட்டில் நீ வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியை நான் மாடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்த வெயிலிலும் அது தழைத்துக் கிடக்கிறது. உன் மகளும் மாடியில் என்னோடுதான் இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. உன்னைவிட உயரமாகிவிட்டாள் ஹர்ஷிதா.

என் பிழைப்பு என்ன என்று உனக்குத் தெரியும். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'சாரி சொல்லு, ஷேர் பண்ணு' என்று தொண்டை வறளக் கத்துவது. ஆனால் இத்தனை வருடத்தில் நான் கவனித்தது வேறு, விமி. ரொம்பச் சின்னதுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பது தன் வாயிலிருந்த மிட்டாயை எச்சிலோடு எடுத்து நீட்டும். கொஞ்சம் வளர்ந்ததும்தான் மாறுகிறது. கீழே விழுந்தவனைத் தூக்குவதற்கு முன்னால், மிஸ் பார்க்கிறாளா என்று என் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்டார் ஒட்டிப் பழக்கியது நாங்கள்தானே, அவர்களைச் சொல்லி என்ன?

உன் மகள் யார் முகத்தையும் பார்த்ததில்லை. பையில் இரண்டு தண்ணீர் பாட்டில் கொண்டுபோவாள். பி.டி. வகுப்பு முடிந்து மூச்சு வாங்க வருகிற பிள்ளைகளுக்கு, கேட்டில் நிற்கிற வாட்ச்மேனுக்கு, சுவர் மேல் திரிகிற பூனைக்கு என்று எல்லோருக்கும் அவள்தான் தண்ணீர். அவளுடைய கன்னட மிஸ் என்னைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ காளஜி, அக்கற இருக்கற பொண்ண நான் பாத்ததே இல்ல மேடம். நீங்க டீச்சர் இல்லியா, அதான்" என்றார். ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு பேட்ஜ் குத்தினார்கள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். உன்னை நினைத்து அழுதேன்கூட.

போன மாதம் அவளுக்குக் குளிர் காய்ச்சல். ஒன்றுக்குப் போக உட்கார்ந்தால் எரிகிறது என்று சுருண்டுகொண்டாள். கிளினிக்கில் டாக்டரம்மா யூரின் டெஸ்ட், ஸ்கேன் என்று எழுதிக்கொடுத்தார். உன் கிட்னி வியாதியும் இப்படித்தானே ஆரம்பித்தது? ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து உலகத்தில் உள்ள சாமியையெல்லாம் கூப்பிட்டேன். உன்னையும் கூப்பிட்டேன், வந்தாயா?

கிட்னி நன்றாக இருக்கிறது, கிருமிதான் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. டாக்டரம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "நீரு குடியல்வா புட்டி?" என்று கேட்டார். தண்ணியே குடிக்கறதில்லையா என்று. "குடிப்பாளே டாக்டர், ரெண்டு பாட்டிலும் காலியாத்தான் வருது" என்று நான் சொன்னேன். ஹர்ஷி தலையைக் குனிந்துகொண்டாள்.

காலியாகத்தான் வந்தது, எல்லாம் அடுத்தவர் வாய்க்கு. வீட்டில் சாப்பாட்டோடு நான் வைக்கிற தண்ணீரையும் இரண்டு மிடறு குடித்துவிட்டு வெளியே எடுத்துக்கொண்டு போவாள். கறிவேப்பிலை ஏன் அப்படித் தழைத்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜுரம் விட்டிருந்தது. தண்ணீரை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டேன். கெஞ்சினேன், கத்தினேன். கடைசியில் எழுந்துபோய்த் தன் துணிகளுக்கு அடியிலிருந்து உன் சின்ன டம்ளரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். உனக்கு அளந்து ஊற்றிய டம்ளர்.

டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, தண்ணீர் கூடினால் நுரையீரலில் சேர்ந்து மூச்சு முட்டும் என்று சொல்லியிருந்தார்கள். உனக்கோ தாகம் தாங்காது, எங்களையெல்லாம் ஏமாற்றிவிடுவாய். அதனால் நீயேதான், "இவ ஒருத்திதான் ஏமாறமாட்டா" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையைக் காவல் வைத்தாய். வந்தவர் போனவரெல்லாம் அவளை மெச்சினோம். இந்த வயதில் என்ன பொறுப்பு! ஏண்டி, வேறு ஆளா கிடைக்கவில்லை உனக்கு?

"அன்னிக்கு மத்யானம் அம்மா இன்னும் ஒரு வாய் கேட்டாங்க பெரிம்மா," என்றாள். "சாய்ந்தரம்தான் அடுத்த டம்ளர்னு சொல்லி ஜக்க ஒளிச்சு வெச்சுட்டேன். சாய்ந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடி தங்கம். அம்மாவுக்கு ஹார்ட் நின்னுபோச்சு. நீ செஞ்சதுதான் சரி."

"கே.ஜி.எஃப். அத்த சொன்னாங்களே."

அத்தை எல்லாச் சாவிலும் அதையேதான் பாடுவார், விமி. உனக்குத் தெரியும், நாம் சின்ன வயதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். 'ஒரு வாய்த் தண்ணி குடுக்க ஆளில்லாம போனியே' என்று மாரில் அடித்துக்கொண்டு அழுவார். பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்ட கிழவருக்கும் அதே பாட்டுதான். உன் தலைமாட்டில் உட்கார்ந்தும் அதைத்தான் பாடினார். ஓரத்தில் நின்ற பிள்ளை, அது தன்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிறாள், தனக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளவில்லை. அதற்குத்தான் நாங்கள் பேட்ஜ் குத்தினோம்.

"அம்மா தாகத்தோடவா போனாங்க?" என்று கேட்டாள்.

நான் என்ன செய்ய? பொய் சொன்னேன். "இல்லடி. ஆஸ்பத்திரில நான் குடுத்தேன். நல்லா குடிச்சா."

"எவ்ளோ?"

"ஒரு பாட்டில் முழுக்க."

அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெளியவில்லை. கண் மெல்லப் பெரிதாயிற்று. அளந்து அளந்து பழகிய பிள்ளை அல்லவா? ஒரு பாட்டில் முழுக்க என்றால் உனக்கு என்ன ஆகும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அது உறைத்தபோது சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அப்புறம் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, நான் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குத் தடவிக்கொடுப்பதுபோல என் முதுகைத் தடவினாள். "பரவால்ல பெரிம்மா. நீங்க தெரியாமதான குடுத்தீங்க. நான் அப்பா கிட்ட சொல்லமாட்டேன்."

பிறகு உன் டம்ளரில் தண்ணீர் ஊற்றி முழுசாகக் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, என் அழுகைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

உனக்கும் எனக்கும் தெரியும், அன்று நான் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. நான் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் உன் வாயில் குழாய் மாட்டியிருந்தார்கள். தாகத்தோடுதான் போனாயா, விமி? என்னிடமாவது சொல்லக்கூடாதா?

இதை இப்படித் துணிந்து எழுதுவதற்கு ஒரு காரணம்தான். ஹர்ஷிக்குப் பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. இதைப் படிக்கிற மற்றவர்கள் அவளிடம் சொல்லாமல் இருந்தால் போதும்.

இப்போது ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கிறாள், எரிச்சல் போய்விட்டது. ஒரு மாற்றம் மட்டும். அவள் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்து தண்ணீர் கேட்டால், நான் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்துவிடுகிறாள். "நீங்க உக்காருங்க பெரிம்மா, நான் குடுக்கறேன்" என்று என் கையிலிருந்து டம்ளரை மெதுவாக வாங்கிக்கொள்கிறாள். எவ்வளவு பதமாக வாங்குகிறாள் தெரியுமா? நான் சங்கடப்படக் கூடாதாம்.

சொன்னதை நான் திரும்ப எடுக்கமாட்டேன், விமி. உன்னைக் கொன்றவள் நான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அவள் வாயில் தண்ணீர் இறங்குகிறவரை அந்தப் பழி என்னிடமே இருக்கும். இது உன் மேல் சத்தியம்.

உன் மகள் மன்னித்துவிட்ட,
உன் அக்கா