கல்யாண கேசட்டில் மாமா

3.9.12, திங்கள்
வெயில் இறங்கவில்லை. கரண்ட் நினைத்தால் போகிறது.

நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து கேட்டபடி எங்கள் கல்யாண கேசட்டை சி.டி.யாக்கும் வேலை ஆரம்பம். கேசட் ஓட்டும் வீடியோ டெக் ரிப்பேரிலிருந்து வந்தாச்சு. ஒயர் சரி. ஒரு தொல்லை, மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரமும் ஓடித்தான் கம்ப்யூட்டரில் ஏறும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. இன்று இரண்டு முறை பந்தி வரை போய் நின்றது.

வாங்க: இட்லி அரிசி, பெரியவனுக்கு கிராஃப் நோட்டு, சின்னவளுக்கு ரிப்பன்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டிவிட்டு வந்தபோது முகம் சரியில்லை. "டிரைவர் தண்ணியில இருக்காரு, நான் வரலன்னு சிதம்பரத்துல ஒருத்தன் எறங்கிப் போறான் செல்வி." இவர் ஒருநாளும் தொட்டதில்லை. இவர் அப்பா, என் மாமா, குடித்தே செத்தார் என்று கெட்ட பெயர். அதனாலேயே.

5.9.12
மறுபடி பந்தி. ஒரே இடத்தை இத்தனை தரம் யார் பார்ப்பார்கள்? அதனால்தான் கண்ணில் பட்டது.

மாமா பந்தி விசாரித்துக்கொண்டு வருகிறார். இடது தோள் தானாகத் துள்ளுகிறது. விரல்கள் சும்மா இல்லை, ஆர்மோனியம் வாசிப்பது மாதிரி. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார், அப்படியும் தண்ணீர் சிந்துகிறது. மேலே சினிமாப் பாட்டைப் போட்டுத் தொலைத்திருக்கிறார்கள், பேசுவது கேட்கவில்லை. அன்று நான் குனிந்த தலை நிமிரவில்லை.

சாயங்காலம் இவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக் கையில் விரல்கள். அதே ஆர்மோனியம்.



6.9.12
தண்ணீர் கொடுக்கும் சாக்கில் கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்தேன். எந்தப் பெண்டாட்டி இப்படி நினைப்பாள்?

டூட்டிக்குப் போய்விட்டார். கடலூர்–சிதம்பரம், போக வர. பஸ் நிறைய ஜனம். போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுக்கிறேன்.

7.9.12
மாமியாரை உட்காரவைத்துப் பந்தியைக் காட்டினேன். மாமா மார்பில் ஐயப்பனுக்குப் போட்ட மணி மாலை. கார்த்திகைக் கல்யாணம்.

"மாலை போட்டுக்கிட்டா அத்தை குடிச்சாரு?"

"ஊரே அப்பிடித்தான் பேசுச்சி. மாலையோட குடிச்சாரு, சாமி அடிச்சிடுச்சின்னு. நான் தொடவே இல்லடின்னு என் தலையில கைய வெச்சி சத்தியம் பண்ணாரு."

"வாடை அடிச்சுதா?"

"இல்ல. வாடை வராத சரக்கு எதுனா இருக்கும்னு நெனச்சேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆப் பண்ணு" என்றார். அதற்குள் கரண்டே போய்விட்டது.

9.9.12, ஞாயிறு
கேசட் முழுசாக ஏறிவிட்டது. பந்தியை மட்டும் வெட்டித் தனி சி.டி. அவரிடம் சொல்லவில்லை.

பஸ் முதலாளி போன். குடிக்கவில்லை என்று டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் வண்டியாம். இவர் ஆடித் தீர்த்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது, நாளைக்கு ஓட்ட மாட்டார். சீட்டுதானே, பெரிய நரம்பு டாக்டரிடமே வாங்குவோம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

11.9.12
சிதம்பரம். மூட்டம், மழை இல்லை. டாக்டர் சின்ன வயசு. நடக்கச் சொன்னார். நாக்கை நீட்டி அப்படியே வைக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை, உள்ளே ஓடிவிடுகிறது. இவர் சிரித்தார்.

சி.டி.யைக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்கப்பா சார். குடிச்சிட்டு ஆடுறாரு," என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அவர் குடிக்கலங்க," என்றேன்.

"ஆமா. அப்பாவும் குடிக்கல, நீங்களும் குடிக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே நரம்புக் கோளாறு மாதிரி தெரியுது. அப்பாகிட்டேருந்து வந்திருக்கலாம். டெஸ்ட் பண்ணிதான் சொல்லணும்."

இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா குடிக்கல, கேட்டியா செல்வி? அத அப்பிடியே எழுதிக் குடுங்க சார்."

டாக்டர் எழுதவில்லை. என்னைப் பார்த்து, "பிள்ளைங்க எத்தனைம்மா?"

இவர்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. "ரெண்டு சார். ரெண்டும் அப்பிடியே என்னை உரிச்சி வெச்சிருக்குங்க."